கவச வண்டி வாங்க வந்தவர்களோடு திருப்பூர் வட்டாரத்தில் மூன்று நாள்

திருப்பூருக்கு யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. நான் புதுச்சேரிக்காரி. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. சென்ற தீபாவளி கழிந்து, சொந்த ஊருக்குப் போன தொழிலாளர்கள் பனியன் கம்பெனிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வாரத்தில், இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு சிறிய தீவு நாட்டிலிருந்து வந்த இரண்டு ராணுவ அதிகாரிகளுக்காக என்னை அழைத்தார்கள். நாட்டின் பெயரையும் அவர்களுடைய முழுப் பெயர்களையும் எழுதக் கூடாது என்பது நிபந்தனை. மற்றதை எழுதிக்கொள்ளலாம் என்று இருவரும் சம்மதித்திருக்கிறார்கள்.

மூத்தவர் லெப்டினன்ட் கர்னல் மிரெய். ஐம்பதை ஒட்டிய பெண். ராணுவத்துக்குச் சாப்பாடு, உடை, எரிபொருள், வண்டி எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் மேஜர் ஆல்வின். ரோந்துப் படையின் தலைவர், நாற்பது வயது இருக்கும். இருவரும் ஏற்கெனவே வேறோர் ஊரில் ராணுவ வண்டிகளை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். எதை வாங்குவது என்று ஊர் திரும்பியதும் பரிந்துரை எழுத வேண்டும். திருப்பூர் வந்தது வீரர்களுக்கான பனியனுக்காக. அதைச் சின்ன வேலை என்றுதான் இருவரும் சொன்னார்கள்.

கோவை விமான நிலையத்திலிருந்து அவிநாசி வழியாகத் திருப்பூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். வண்டி வாடகை ஒரு நாளைக்கு 3,500 ரூபாய், ஓட்டுநர் பேட்டா தனி. ஓட்டுநர் கதிர்வேல் காங்கயம் பக்கத்துக்காரர், அதிகம் பேசுகிறவர். திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறைகள் சாலையோரமாகவே இருக்கின்றன. இறங்கிப் பார்த்தோம். யாரும் காசு கேட்பதில்லை, யாரும் தடுப்பதுமில்லை. கிரைண்டர் சத்தமும் வெள்ளைத் தூசியும் அதிகம். ஆஸ்துமா இருப்பவர்கள் காரிலேயே இருந்துகொள்ளலாம்.

மறுபடி ஏறியதும் கர்னலும் மேஜரும் பின் சீட்டில் வாக்குவாதத்தைத் தொடங்கினார்கள். அதை விமானத்திலேயே தொடங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மேஜருக்கு எட்டுச் சக்கரக் கவச வண்டி வேண்டும், குறைந்தது நான்கு. கர்னலுக்குக் கவச வண்டியே வேண்டாம். அந்தப் பணத்துக்கு மேடு பள்ளத்தில் ஏறும் லாரிகளும் ஆம்புலன்சும் தண்ணீர் லாரியும் வாங்கலாம் என்றார். சென்ற புயலில் மலையோரக் கிராமம் ஒன்று துண்டிக்கப்பட்டு, ராணுவம் அங்கே நடந்து போய்ச் சேர்ந்ததாம்.

"என் ஆட்கள் மீது சுடுகிறவன் புயல் அடிக்கும்வரை காத்திருக்க மாட்டான்" என்றார் மேஜர்.

கதிர்வேல் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "ஏனுங்க அக்கா, இவங்க பட்டாளம் பெருசுங்களா?"

"சின்னதுதான். எல்லாரையும் சேர்த்தா இங்க நாலு பெரிய கம்பெனி ஆளுங்க அளவு இருக்கும்."

"அதுக்கெதுக்குங்க அம்மாம் பெரிய வண்டி? சண்டை ஏதாச்சும் நடக்குதுங்களா அங்க?"

கதிர்வேல் என்ன கேட்கிறார் என்று மேஜர் விசாரித்தார். மொழிபெயர்த்தேன். கர்னல் சிரித்தார். மேஜர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சண்டை இல்லை, கடத்தல்காரர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போனோம். ஊருக்கு வெளியே, காட்டுக்குள் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். இந்தப் பக்கத்தில் காடு என்றால் விவசாய நிலம். முதலாளி நாச்சிமுத்து இளநீர் கொடுத்து, எங்களை மெர்ச்சண்டைசர் சபீனாவிடம் ஒப்படைத்தார். வெளிநாட்டு ஆர்டர்களை வாங்கி, சாம்பிளிலிருந்து கப்பல் ஏறும் வரை கவனிக்கிற வேலை சபீனாவுடையது. முப்பது வயதுப் பெண். தமிழில் பாதி ஆங்கிலம் கலந்து, வேகமாகப் பேசினார்.

கர்னல் இப்போது வீரர்கள் உடுத்தும் பச்சைப் பனியன் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இதே மாதிரி வேண்டும் என்றார். துவைத்துத் துவைத்து லேபிளில் எழுத்து அழிந்திருந்தது.

"என்ன கன்டென்ட்னு தெரியலீங்களே மேடம். லேப்க்கு அனுப்பிக் கன்ஃபர்ம் பண்ணிக்கலாங்க. இப்பத்திக்கு ஒரு பர்ன் டெஸ்ட் பாத்துக்கலாமுங்களா?" என்றார் சபீனா. எல்லாத் துணிக்கும் செய்கிற வாடிக்கையான சோதனைதான். பனியனின் ஓரத்தில் விரல் அகலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, லைட்டரைக் காட்டினார். துணி நெருப்பைவிட்டுச் சுருங்கி ஓடியது. பிறகு உருகி, கறுப்புச் சொட்டாகக் கீழே இருந்த தட்டில் விழுந்தது. விழுந்த பிறகும் எரிந்தது. ஆறியதும் சபீனா அதை நகத்தால் சுரண்டினார். பாசிமணி மாதிரி கெட்டியாகத் தட்டோடு ஒட்டியிருந்தது.

"ஃபுல் பாலியெஸ்டருங்க. சீக்கிரம் காயும், ரேட்டும் கம்மி. ஜிம்முக்கெல்லாம் இதான் போகுதுங்க. ஆனா நெருப்புக்கிட்ட வேலை பாக்கறவங்களுக்கு நாங்க குடுக்கறதில்லீங்க. காட்டனும் எரியுங்க, ஆனா சாம்பலாப் போயிரும். இது உருகித் தோல்ல ஒட்டிக்குமுங்க."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் மேஜர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். சபீனா செய்தார். பிறகு பருத்தித் துணியில் செய்யச் சொன்னார். அது எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலானது. கர்னல் மேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெமி போட்டிருந்தது எது?" என்று மேஜர் கடைசியில் கேட்டார்.

"இதுதான். அந்த வருஷம் மாற்றினோம். சீக்கிரம் காய்கிறது என்று."

"யார் முடிவு செய்தது?"

"ஒரு குழு. நம்மைப் போல இரண்டு மூன்று பேர். நானும் இருந்தேன்."

ரெமி யார் என்று எனக்கு அப்போது தெரியாது. சபீனாவுக்கு இந்தப் பேச்சை மொழிபெயர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. டீ வரவழைத்தார். தீயைத் தாங்கும்படி பதப்படுத்திய பருத்தி, எத்தனை சலவை வரை தாங்கும் என்ற கணக்கை எடுத்துக் காட்டினார். கர்னல் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். மேஜர் வெளியே போய், துணி ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் பக்கத்தில் நின்றார்.

மதியம் வேறு வேலை இல்லை. அமராவதி அணைக்குப் போகலாம் என்று முன்பே திட்டமிட்டிருந்தோம். கர்னல் ரத்து செய்யவில்லை. பல்லடம், உடுமலை வழியாகச் சுமார் எண்பது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். பல்லடம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். கோழிப்பண்ணை வாசனை வரும்போது ஜன்னலை ஏற்றிக்கொள்ளுங்கள்.

உடுமலைக்கு முன்னால் பி.ஏ.பி. பாசன வாய்க்காலின் சின்னப் பாலம் ஒன்றில் வண்டிகள் நின்றிருந்தன. காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய நீண்ட டிரெய்லர் பாலத்துக்கு முன் நின்றிருந்தது. அதன் ஆட்கள் பாலத்தின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, மேலே வந்து கூடிப் பேசினார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. முடிவில் டிரெய்லர் பாலத்தில் ஏறவில்லை. ஊர்ந்து ஊர்ந்து பின்னால் போய், வேறு சாலையில் திரும்பியது.

"வெயிட் தாங்காதுன்னு தோணிருச்சாட்டம் இருக்குதுங்க. சுத்திட்டுத்தான் போவோணும்" என்றார் கதிர்வேல்.

மேஜர் டிரெய்லர் கண்ணை விட்டு மறையும்வரை பார்த்தார். பிறகு கர்னலிடம், "நம் வடக்குப் பாலம் எத்தனை டன் தாங்கும்?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு. உனக்குத் தெரியுமே."

"தெரியும். எட்டுச் சக்கரம் இருபதுக்கு மேல். பாலத்தைப் பிறகு பலப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்."

அதுவரை நடந்த வாக்குவாதத்தில் மேஜர் விட்டுக்கொடுத்த முதல் இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

அமராவதி நகரில் அணைக்குக் கீழே மீன் வறுத்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. ஒரு தட்டு 150 ரூபாய், எண்ணெயைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முதலைப் பண்ணை பக்கத்திலேயே. மாலை ஐந்துக்கு முன்னால் போய்விடுவது நல்லது. கர்னல் முதலை பார்க்கப் போனார். மேஜரும் நானும் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவராகவே சொன்னார்.

ரெமி அவருடைய ரோந்துப் படையில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பையன். வடக்குச் சாலையில் திறந்த லாரியில் போனபோது கடத்தல்காரர்கள் பெட்ரோல் குண்டு எறிந்தார்கள். மற்றவர்கள் குதித்துத் தப்பினார்கள். ரெமியின் சட்டை பருத்தி, அது எரிந்து உதிர்ந்துவிட்டது. உள்ளே இருந்ததுதான் முதுகோடு சேர்ந்துபோனது. மருத்துவமனையில் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. சில நாளில் இறந்துபோனான்.

"அவன் அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கவச வண்டி இருந்திருந்தால் உங்கள் மகன் உயிரோடு இருப்பான் என்றேன். அடுத்த முறை பையன்கள் அதில்தான் போவார்கள் என்று வாக்கும் கொடுத்தேன்."

"அது பொய் இல்லையே" என்றேன்.

"இல்லை. கவசம் இருந்திருந்தால் தீ உள்ளே வந்திருக்காது. ஆனால் அந்த வண்டி அந்தப் பாலத்தைத் தாண்டியிருக்காது. பருத்திப் பனியன் தாண்டியிருக்கும்." மீன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த அம்மா ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார், வண்டி வந்துவிட்டதா என்று" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் யோசனை சொல்லக் கூடாது. மீன் ஆறிப்போய்விட்டது. கதிர்வேல் வந்து, இருட்டுவதற்குள் உடுமலையைத் தாண்டிவிடலாமா என்று கேட்டார்.

மூன்றாம் நாள் திரும்பும் வழியை மாற்றினோம். மங்கலம், சாமளாபுரம், சோமனூர் வழியாகவும் விமான நிலையம் போகலாம். சாலை குறுகலானது, ஆனால் நெரிசல் குறைவு. லாரிகளுக்கான கித்தான் துணி கிடைக்குமா என்று பார்க்கக் கர்னல் சாமளாபுரத்தில் நிறுத்தச் சொன்னார். ஊர் முழுக்க விசைத்தறிச் சத்தம். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அவர்கள் தேடிய கனத்தில் துணி அங்கே இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தில், காரின் கதவைச் சாத்திக்கொண்டு, இருவரும் பரிந்துரையைப் பேசி முடித்தார்கள். முதலில், வண்டியில் போகிற எல்லோருக்கும் தீ தாங்கும் பருத்தி உடை. எட்டுச் சக்கர வண்டிகள் வேண்டாம். பாலம் தாங்குகிற எடையில், நான்கு சக்கரச் சிறிய கவச வண்டி இரண்டு. அந்த இரண்டைக் கர்னல்தான் சேர்த்தார். மீதிப் பணத்துக்கு லாரிகளும் ஒரு ஆம்புலன்சும். தண்ணீர் லாரியை அவர் விட்டுக்கொடுத்தார். இருவரும் திருப்தியாக இருந்ததாகச் சொல்ல முடியாது. சண்டை மட்டும் ஓய்ந்திருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் போகாதீர்கள், கம்பெனிகளில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. ரயில் நிலையத்துக்கு அருகே சுத்தமான அறை 2,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கம்பெனிக்குள் படம் எடுக்கும் முன் கேளுங்கள், மற்ற வாடிக்கையாளர்களின் சாம்பிள் தொங்கிக்கொண்டிருக்கும். ஞாயிறு அன்று அமராவதியில் கூட்டம். இந்தி தெரிந்தால் தையல் பகுதியில் பலரிடம் பேசலாம். நீங்கள் இப்போது பயன்படுத்துகிற துணி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். நமக்கு என்ன வேண்டும் என்பதைவிட, நம்மிடம் என்ன இருக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியிருக்கிறது.

பொங்கல் சமயத்தில் மேஜரிடமிருந்து செய்தி வந்தது. நான் எழுதத் தாமதமானதும் அதற்காகத்தான், முடிவு தெரியாமல் எழுத மனம் வரவில்லை. அரசு லாரிகளையும் பனியனையும் ஏற்றுக்கொண்டது. சிறிய கவச வண்டிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டது. அதைச் சொல்ல அவர் ரெமியின் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். பாலத்தைப் பற்றியும் பனியனைப் பற்றியும் எதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"இப்போது அந்தப் பனியனை யார் போட்டிருக்கிறார்கள்?"

எல்லோரும் என்றாராம் மேஜர். புதியது வந்து சேரும்வரை.

"நீயும்?"

அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. சட்டைக்குள் அவரும் அதைத்தான் போட்டிருந்தார். எதை வாங்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிய இருவரும், இருப்பதைக் கழற்ற வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கழற்றிவிட்டுப் போ என்றாராம் அந்த அம்மா. அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் சட்டையோடு முகாமுக்குப் போய், அன்று மாலைக்குள் மற்ற எல்லோரையும் கழற்ற வைத்ததாக மேஜர் எழுதியிருந்தார்.