குதிரை போலத் தாவிய ராஜா

அவலூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார். "உன் சிநேகிதன் ஜாபர் பூட்டாம்பா. மஞ்சக் காமாலை. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க."

செஞ்சி வரும்வரை டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தேன்.

அவனோடு சதுரங்கம் ஆடிய எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக் காய் வந்தால், இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவைக் காக்கும் சிப்பாயை வெட்டக் கொடுத்துவிடுவான். அதற்குக் கேம்பிட் என்று பெயர். கல்லூரி நூலகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னேன். "பேரு இன்னாவா இருந்தா இன்னாடா? குடுத்துட்டா திருப்பிக் கேக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றான்.

தென்னாற்காடு மாவட்டப் போட்டிக்குச் செஞ்சியிலிருந்து ஒருவர்தான் போகலாம். பள்ளிக்கூட ஹாலில் கடைசி ஆட்டம், அவனும் நானும். கடலூர் போய் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். அவனுக்கு வயது வரம்பு முடிய மூன்று மாதம். எனக்கு அது தேவையே இல்லை.

"உட்டுக் குடுத்து ஆடுனே, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றான், காய்களை அடுக்கியபடி.

சிப்பாயைக் கொடுத்தான். வெட்டினேன். வெகுநேரம் அவன் கைதான் ஓங்கியிருந்தது. பிறகு அவன் ராஜா யானைக்குப் பின்னால் ஒதுங்கும் வழியை என் பிஷப் அடைத்தது. கடிகாரத்தில் அவனுக்கு இரண்டு நிமிடம். வியர்வை பலகையில் சொட்டியது. ராஜாவை எடுத்தான். குதிரை போலத் தாவவைத்தான்.

எங்கள் தெரு ஆட்டத்தில் அது உண்டு. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை அப்படித் தாவலாம். போட்டி விதியில் கிடையாது.

நடுவர் ஜன்னலருகே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜாபர் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. பேசாமல் என் காயை நகர்த்தியிருக்கலாம்.

கையைத் தூக்கினேன்.

தொட்ட ராஜாவை விதிப்படி நகர்த்தியே ஆக வேண்டும் என்றார் நடுவர். ஒரு கட்டம் முன்னால் வைத்தான். வெட்டவெளி. மூன்றே நகர்த்தலில் முடிந்தது. "சரியாத்தான்டா சொன்னே." கை கொடுத்தான். ஈரமான கை.

அவன் அவலூர்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கப் போனான். ஒருமுறை அங்கே பார்த்தேன். "எம்மேல கோவமாடா?"

மூட்டையை இறக்காமலே சொன்னான். "நீ சும்மா இருந்திருந்தா நானே கையத் தூக்கியிருப்பேனா? அதத்தான் ரோசிச்சிட்டே இருக்கேன்."

தூக்கியிருப்பான். எனக்குத் தெரியும். அன்று அவனிடம் சொல்லவில்லை.

கடலூரில் முதல் சுற்றிலேயே தோற்றேன். கலந்துகொண்ட எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அது என்னிடம் இருக்கிறது. அதில் என் பெயர் இருக்கிறது.