அண்ணை மூடிவைத்த கடைசி ட்ரே

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம், அண்ணையின் படத்துக்குக் கீழே நல்லதாக நாலு வரி எழுதித் தா என்றார்கள். ஐயோ, எனக்கு நல்லதாக எழுத வரவில்லை. கோபம்தான் வருகிறது. யாரில் என்று கேட்காதீர்கள். கடவுளில், அந்த மெசினில், சொல்வழி கேளாத அந்த மனிதரில்.

அண்ணை சாவகச்சேரியில் பிறந்தார். ஐயா கண்ணை மூடியபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. இடம்பெயர்ந்தபோதும் திரும்பி வந்தபோதும் அம்மாவையும் என்னையும் தாங்கியவர் அவர்தான். கொழும்பில் மீன் பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பழகினார். எனக்குக் கலியாணம் செய்துவைத்தார். தான் செய்யவில்லை. கேட்டால், "எனக்கு ஆரடி பொம்பிளை தரப்போயினம்? உடம்பெல்லாம் மீன் வெடுக்கு" என்று சிரிப்பார்.

எங்கள் பக்கம் பலாப்பழக் காலத்தில் மரத்தடியிலேயே பழம் அழுகும். அதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். கடைசியில் பழைய மெசின் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். சுளைகளை ட்ரேயில் அடுக்கி வைத்தால், உள்ளேயிருக்கும் காற்றை அது இழுத்தெடுத்து, பழத்தைக் காக்கும் காஸை நிரப்பி, மேலே பொலித்தீனைச் சூட்டில் ஒட்டிவிடும். சரியாக ஒட்டினால் குளிரில் கிழமைக்கணக்கில் பழம் கெடாது. ஊசிமுனையளவு துவாரம் இருந்தாலும் எல்லாம் புளித்துவிடும்.

முதல் லோட் கொழும்பில் புளித்துத்தான் போயிற்று. அடுத்ததும் இப்படியென்றால் இனி அனுப்பவேண்டாம் என்று வாங்குபவர் சொல்லிவிட்டார். அண்ணை மூடிய ட்ரேக்களை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே மூலையில் குமிழி வந்தது. மெசினில் அந்த மூலையில்தான் அம்மா தினமும் சாமி கும்பிட்டுவிட்டுச் சந்தனப் பொட்டு வைப்பார். காய்ந்த சந்தனம் பொலித்தீனை ஒட்டவிடவில்லை.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. தன்ரை கையாலைதான் பழுதானதெண்டு அறிஞ்சா மனுசி தாங்காது" என்றார். அதன்பிறகு அம்மா பொட்டு வைத்துவிட்டு உள்ளே போனதும் அண்ணை ஈரத்துணியால் துடைப்பார். அம்மாவுக்கு இப்போது கண் மங்கி எழுத்துத் தெரிவதில்லை. வாசித்துக் காட்டுகிறவர்கள் தயவுசெய்து இந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

இரண்டாவது லோட் ஏற்றும்போது அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"அண்ணை, தெப்பமா வேர்க்குது. வாங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"பொறு பிள்ளை, லொறி நிக்குது. முடிச்சிட்டு வாறன்."

கெஞ்சினேன், கத்தினேன், கையைப் பிடித்து இழுத்தேன். நெஞ்சைத் தடவியபடியே கடைசிப் பெட்டியையும் ஏற்றினார். லொறி போனதும் படியில் இருந்துகொண்டு, "இந்தமுறை புளிக்காது, என்ன?" என்றார். "புளிக்காது அண்ணை, எழும்புங்கோ" என்றேன். ஓட்டோவிலேயே உயிர் போய்விட்டது. பட்ட காலிலே படும் என்பது எங்கள் குடும்பத்துக்கென்றே சொன்னதா?

வாங்குபவர் துக்கம் விசாரிக்க ஃபோன் எடுத்தார். பழத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. எனக்கும் கேட்கப் பயம்.

எட்டாம் நாள், எட்டுச்செலவன்று அண்ணைக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைத்தோம். அம்மா பிறிட்ஜைத் திறந்து, அந்த லோட்டில் மாதிரிக்கென்று அண்ணை எடுத்துவைத்திருந்த ட்ரேயையும் கொண்டுவந்தார். இதுவும் புளித்திருந்தால்? பிறகு அந்த மனிதர் எதற்காகச் செத்தார்?

"அம்மா, அது மூடினபடியே இருக்கட்டும்" என்று மன்றாடினேன்.

"விசரி! மூடிவைச்சா பிள்ளை எப்பிடியடி சாப்பிடுறது?" என்று அம்மாவே பொலித்தீனைக் கிழித்தார். பலாப்பழ வாசம் வீடெல்லாம் பரவியது. துளி புளிப்பில்லை. அம்மா படத்துக்கு முன்னால் விழுந்து குழறி அழுதார்.

ஓட்டோவைக் காற்றாய்ப் பறக்கவிட்ட அயலவருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், அடுப்பு எரியாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. கைம்மாறு செய்ய எங்களிடம் ஒன்றுமில்லை. அன்று படையலில் ஒரு சுளை வாங்கிச் சாப்பிட்டவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. "நல்ல பழம் பிள்ளை, இப்ப வெட்டின மாதிரிக் கிடக்கு" என்றீர்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லொறியடியில் நின்றார். கேட்காமலே போய்விட்டார்.