கலியபெருமாளுக்குப் போட்ட பேனர்

பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய கலியபெருமாளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அதுவும் உருப்படாத ஆசை. டிஜிட்டல் பேனரில் தன் முகம் வர வேண்டும். துணியில் பெயின்டால் எழுதிக்கொண்டிருந்த எங்கள் ஊருக்கு அதை அச்சடிக்கிற மெஷின் வந்து இறங்கிய புதிது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள் என்று சந்துக்குச் சந்து பேனர். தலைவர் ஆளுயரத்துக்குச் சிரிப்பார். கீழே ஸ்டாம்பு அளவில் தொண்டர்கள் முகம் வரிசையாக இருக்கும். கலியபெருமாள் என் எலுமிச்சங்கூடைக்குப் பக்கத்தில் நின்று அதையே வாய் பிளந்து பார்ப்பான்.

"யக்கா, கம்ப்யூட்டர்லயே சட்ட கூட மாட்டி உட்றாங்களாம்" என்பான். மாற்றிக் கட்ட நல்ல லுங்கி இல்லாதவனுக்கு அது பெரிய அதிசயம்தானே.

எங்கள் பகுதித் தலைவர் ராஜாங்கத்துக்கு இப்படி ஓர் இளிச்சவாயன் போதாதா? பேனர் தூக்க, சவுக்குக் கழி நட, ஏணியில் ஏறிக் கட்ட, எல்லாவற்றுக்கும் இவன்தான். கூலி கிடையாது. "அடுத்த பேனர்ல ஒன் மூஞ்சி வரும்டா" என்பார். வராது. கேட்டால், "எடம் பத்தல" என்பார்.

"ஒனக்கு சூடு சொரணையே இல்லியாடா?" என்று திட்டுவேன். "தலைவர் செய்வாருக்கா" என்று பல்லைக் காட்டுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராஜாங்கத்தின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலை, கட்ட ஏறியவனைக் காற்றில் புடைத்த பேனர் ஏணியோடு சாய்த்துவிட்டது. மூச்சுப் பேச்சில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைக்க மாட்டான் என்று எவனோ சொன்னது, ராஜாங்கம் காதுக்குப் போகும்போது செத்தே போய்விட்டான் என்றாகிவிட்டது. மனுஷன் போய்ப் பார்க்கவில்லை. பேனர் கடைக்கு செல்லில் பேசினார். என்றைக்காவது போடுவார்கள் என்று இவன் தன் போட்டோவை அங்கே கொடுத்து வைத்திருந்தான். சாயந்திரம் மார்க்கெட் வாசலில் கண்ணீர் அஞ்சலி நின்றது. கலியபெருமாளுக்கு வெள்ளைச் சட்டை, ரோஜா மாலை. பக்கத்தில் அவனைவிடப் பெரிதாக ராஜாங்கம் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

படுபாவி பிழைத்துக்கொண்டான். வலது காலை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

கட்டையை ஊன்றி நடக்கப் பழகியதும் நேராக ராஜாங்கத்திடம்தான் போனான். பாழாய்ப்போன பாசத்தில் நானும் துணைக்குப் போனேன். அடுத்த பிறந்தநாள் பேனரில், ஒரு மூலையில், உயிரோடு இருக்கிற மாதிரி ஒரு சின்ன படம் போடச் சொல்லிக் கேட்டான். ராஜாங்கம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒனக்குத்தான் தனியாவே போட்டாச்சேடா. செத்துட்டான்னு ஊரே பாத்த மூஞ்சி. அத என் பொறந்தநாள் பேனர்ல போட்டா எனக்கு ஆவுமா?"

மூலக்குளத்தில் அவன் வீடுவரை கொண்டுபோய் விட்டேன். மழையில் கூரை பிய்ந்திருந்தது. அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி, மார்க்கெட் வாசலிலிருந்து அவிழ்த்து வந்த அந்த அஞ்சலி பேனரை, அச்சு உள்பக்கம் தெரிய மேலே கட்டியிருந்தாள். ஓட்டை வழியாக மாலை போட்ட அவன் முகம் தெரிந்தது. கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"திருப்பிப் போடேன்டி" என்றான். "தெருவுல போறவங்களுக்குத் தெரியட்டும்."

"வெயில்ல சாயம் போயிடும்" என்றாள் அஞ்சலாட்சி. "பாக்கறதுக்கு நீ ஒருத்தன் போதும், படு."