மங்கம்மாவின் அளவு

ஜூஜுவாடி லைன் வீடுகளில் தில்ஷாத்தைத் தெரியாதவர் கிடையாது. தெரியும் என்றால் நைட்டிக்காரியாகத் தெரியும். பெரிய பூ, சின்னப் பூ, ஜிப் வைத்தது, வைக்காதது என்று ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் சந்துக்குள் நுழைந்தால், குழாயடியில் நிற்கும் பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொள்வார்கள். பிரித்துப் பார்ப்பார்கள், சாயம் போகுமா என்று கேட்பார்கள், வாங்காமல் போவார்கள். தில்ஷாத்துக்கு அதில் வருத்தமே இல்லை. மூட்டையின் அடியில், மடித்த துணிகளுக்கு நடுவே, காசநோய் மாத்திரை அட்டைகள் இருக்கும். அவற்றை உரியவர் கையில் சேர்ப்பதுதான் அவள் வேலை.

ஓசூரில் ஒரு சின்ன டிரஸ்ட். இரண்டு அறை, ஒரு ஸ்கூட்டி, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்யும் மேகலா மேடம். கம்பெனிகளை நம்பி வந்து குவிந்த ஜனங்களில் யாருக்கு விடாத இருமல், யாருக்குச் சாயங்காலக் காய்ச்சல் என்று தேடிப் பிடித்து, சளி டெஸ்ட் எடுக்க வைத்து, அரசாங்க மாத்திரையை ஒரு நாளும் விடாமல் விழுங்க வைப்பது அவர்கள் பாடு. தில்ஷாத்தும் முதலில் எல்லாரையும் போல டிரஸ்ட்டின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டுதான் போனாள். அந்தக் கோட்டு எந்த வாசலில் நின்றதோ அந்த வீட்டுக்கு அன்றே டி.பி. வீடு என்று பெயர் விழுந்துவிடும். மணி என்று ஒரு பையன், கான்ட்ராக்ட் தொழிலாளி. அவள் இரண்டாவது முறை போனபோது அவன் அறை பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாராம், வேலையும் போய்விட்டதாம். அவன் எங்கே போனான், மாத்திரையைத் தொடர்ந்தானா, இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்று தில்ஷாத் அழுத அழுகையில் அவள் கணவன் இலியாஸ் பயந்தே போனான். அவன் தள்ளுவண்டியில் நைட்டி விற்பவன்.

“கோட்டக் கழட்டிப் போட்டுட்டு நம்ம மூட்டய எடுத்துட்டுப் போயேன். நைட்டிக்காரி எந்த வூட்டுக்குள்ள போனா எவன் கேக்கப் போறான்?” என்றான்.

விளையாட்டாகச் சொன்னான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளால் ஒருவரும் வீட்டைக் காலி செய்யவில்லை. மேகலா மேடம் கூட்டம் போட்டு மெச்சினார். தில்ஷாத்துக்கு உள்ளூரப் பெருமைதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அப்படித்தான் யுவஸ்ரீயிடம் போனாள். சிங்காரப்பேட்டைக்காரி, கைக்குழந்தைக்காரி. புருஷன் தினேஷ்குமாருக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட். பல மாதம் இருமிவிட்டு, கடைசியில்தான் டெஸ்ட்டுக்கு வந்தாள். புருஷனையும் குழந்தையையும் சோதித்தார்கள், நல்லவேளையாக ஒன்றுமில்லை. வேறு யாரோடாவது நெருங்கிப் பழகுவாயா என்று தில்ஷாத் கேட்டபோது, யுவஸ்ரீ பக்கத்து அறையைக் காட்டினாள்.

“மங்கம்மா அத்த ரூம்லதான் டிவி பாப்பேன், அங்கயே படுத்துக்குவேன். ஆனா அவங்களுக்குச் சொல்லிடாதீங்கக்கா. அவங்க நல்லவங்கதான், வாய்தான் நிக்காது. லைனுக்கே தெரிஞ்சிடும். அப்புறம் புள்ளயத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?”

தில்ஷாத்துக்கு மணியின் பூட்டிய அறை ஞாபகம் வந்தது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மங்கம்மா சூளகிரிப் பக்கத்துப் பெண். ஒண்டிக்கட்டை. ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பாள். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கும் பேச்சு, கூரை அதிரும் சிரிப்பு. அந்த லைனிலேயே நிஜமாக நைட்டி வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். முதல் தடவை டபுள் எக்ஸெல் எடுத்தாள். “இதுக்கு மேல சைஸ் இருந்தாலும் குடு பாயம்மா, மூச்சு உட எடம் வேணும்” என்று சிரித்தாள். யுவஸ்ரீக்கு மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் தில்ஷாத் அங்கேயும் மூட்டையை அவிழ்ப்பாள். சும்மா யுவஸ்ரீ வீட்டுக்கு மட்டும் போய் வந்தால் சந்தேகம் வருமே.

சில மாதம் கழித்து மங்கம்மா எக்ஸெல் கேட்டாள். “என்னக்கா, எளச்சுட்டீங்க! கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க” என்றாள் தில்ஷாத். மங்கம்மாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்து எல் சைஸ். அப்புறம் அந்த எல் சைஸையும் கொடுத்து, பக்கவாட்டில் பிடித்துத் தைத்துத் தரச் சொன்னாள். இலியாஸ் தைத்துக் கொடுத்தான். சுகர் இருக்கிறது, அதனால்தான் இளைப்பு என்று மங்கம்மா சொன்னாள். இருமினாள், தாளிப்புப் புகை என்றாள்.

வேறு எந்த வாசலாக இருந்தாலும் இந்த இருமல் எத்தனை நாளாக என்று தில்ஷாத் கேட்டிருப்பாள். இங்கே ஒரே ஒரு நாள் அந்தக் கேள்வி தொண்டை வரை வந்தது. நைட்டிக்காரிக்கு ஏன் இந்த அக்கறை என்று திருப்பிக் கேட்டால்? பக்கத்து அறைக்கு எதற்கு இவ்வளவு நடை என்று யோசித்தால்? தில்ஷாத் கேள்வியை விழுங்கிவிட்டு, ஊதாப் பூ போட்டதை எடுத்துக் காட்டினாள். அவள் செய்த பிழை இதுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் இதுவே போதுமானதாக இருந்தது.

யுவஸ்ரீ மாத்திரையை முடித்தாள். டெஸ்ட்டில் நோய் இல்லை என்று வந்தது. அந்த நல்ல சேதியைச் சொல்ல தில்ஷாத் போன அன்று பக்கத்து அறையில் ஆள் இல்லை. யுவஸ்ரீ கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

“அத்த கேன்டீன்ல ரத்தமா கக்குனாங்களாம். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கிட்ட இருந்துதானக்கா ஒட்டிச்சு?”

தில்ஷாத் மறுநாளே கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினாள். வார்டில் மூலைக் கட்டிலில் மங்கம்மா கிடந்தாள். இலியாஸ் பிடித்துத் தைத்த அதே நைட்டி, இப்போது அதுவும் தோளில் நிற்காமல் வழிந்தது.

“நீ எங்க பாயம்மா இங்க? ஆஸ்பத்திரிலயும் யாவாரமா?”

“ஆமாக்கா” என்றாள். வேறு என்ன சொல்வது?

மங்கம்மா அவள் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். “எனக்கு டி.பி.யாம். யாருக்கும் சொல்லிடாத. அந்த யுவஸ்ரீப் புள்ள தெனம் எங்கூடதான படுத்துக் கெடந்தா? என் சீக்கு அவளுக்கு ஒட்டியிருந்தா என்ன பண்ணுவேன்? கைக்குழந்த வேற. அத நெனச்சாதான் தூக்கமே வரல.”

ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்தப் பாரம் இறங்கிவிடும். ஆனால் அந்த வாக்கியம் யுவஸ்ரீயின் ரகசியம்.

“அவளுக்கு ஒண்ணுமில்லக்கா. நேத்துதான் பாத்தேன், நல்லா இருக்கா.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

மங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

இனி லைன் முழுக்கச் சோதிக்க வேண்டும் என்று மேகலா மேடம் சொல்லிவிட்டார். தில்ஷாத் மூட்டையை வீட்டில் வைத்துவிட்டு, நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, சளி டப்பாக்களோடு சந்துக்குள் நுழைந்தாள். குழாயடி சட்டென்று அடங்கிவிட்டது.

“இத்தன நாளா இதுக்குத்தான் வந்தியா?” என்று ஒருத்தி கேட்டாள். “அப்ப யாருக்கோ ஏற்கெனவே இருந்திருக்குது. யாருக்கு?”

தில்ஷாத் டப்பாக்களை எடுத்து அடுக்கினாள். பதிலை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

“வேற யாரு? மங்கம்மாதான். அவளுக்குத்தான் இவ வாராவாரம் மூட்டய அவுத்தா. சீக்க வச்சிக்கிட்டே எல்லார் வூட்லயும் வந்து உக்காந்திருக்கா பாரு! எங்க புள்ளைங்களத் தூக்கிக் கொஞ்சினாளே, பாவி!”

“செத்தவங்களத் திட்டாதீங்க” என்று மட்டும் சொன்னாள் தில்ஷாத். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வரிசையில் யுவஸ்ரீயும் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, தலை குனிந்திருந்தது. எல்லாம் அவள் காதில் விழுந்தது. அவள் முறை வந்ததும், புதிதாக டெஸ்ட் எடுப்பவள் போலக் கையை நீட்டினாள். தில்ஷாத் அந்தக் கையில் ஒரு டப்பாவை வைத்துவிட்டு, அடுத்தவளைப் பார்த்தாள்.