தோற்றுக் கொடுக்கும் கூட்டு

காஞ்சனாவுக்கு நாற்பத்தொரு வயது. மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நல்ல சில்லை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் போட்டு வருகிறவள். பாடாங் செராயில் வீடு. கணவர் ரவிச்சந்திரன் லாரி ஓட்டுகிறார், மகள் ஈப்போவில் படிக்கிறாள். பக்கத்து மேசைக்காரி தெரிந்தே ஒரு கெட்ட சில்லை நல்ல தட்டில் தள்ளிவிட்டால், அன்றைக்கு முழுக்க இவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள்தான் எட்டு வாரம் தெரிந்தே தோற்றாள்.

விளையாட்டின் பெயர் ராக்சாசா. போனில் ஒரு மிருகத்தை வளர்த்து, ஊர் பேர் தெரியாதவர்களின் மிருகங்களோடு மோதவிட வேண்டும். மகள் அதைப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஒரே மாதத்தில் மறந்துபோனாள். அம்மா மறக்கவில்லை. காஞ்சனாவின் மிருகம் ஓர் ஆமை. மந்தன் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். நெருப்புக் கக்காது, பறக்காது. அடி வாங்கிக்கொண்டே நிற்கும், எதிரி களைத்த பிறகு ஒரே கடி.

ஜெயித்தால் முப்பது காயின், தோற்றால் ஒன்று. அந்தக் காயினை நிஜப் பணமான வெள்ளி கொடுத்து வாங்க முடியாது, ஜெயித்துத்தான் சேர்க்க வேண்டும். அவளுக்குப் பிடித்ததே அதுதான். சம்பளம், ஓவர்டைம், போனஸ் என்று எல்லாவற்றிலும் யாராவது கை வைத்துவிடுகிறார்கள், யார் கையும் படாத ஒன்றாவது இருக்கட்டுமே என்று நினைத்தாள். நாலு வருடத்தில் கெடா மாநிலப் பட்டியலில் பதினோராவது இடத்துக்கு வந்திருந்தாள்.

தொழிற்சாலைப் பேருந்தில் அவளோடு சேர்த்து ஒன்பது பேர் அதை விளையாடினார்கள். அதில் ஒருத்தி நளினி. பேருந்தில் பணக் கூட்டு நடத்துகிறவளும் அவள்தான். மாதம் ஆளுக்கு இருநூறு வெள்ளி போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை பிரேமாவதி இரண்டே நாள் தாமதித்ததற்கு, அவள் வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே வெளியே வந்து பார்க்கும்படி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டவள் இந்த நளினி.

அவளுக்குத்தான் அந்த நாற்றம் பிடித்த யோசனை வந்தது.

“இதுலயும் கூட்டு போடலாம்லா. வாரம் ஒரு ஆளு. அந்த வாரம் மத்த எட்டு பேரும் அவங்ககிட்ட தோத்துக் குடுக்கணும், ஆளுக்கு முப்பது ஆட்டம். உள்ள போன ஒடனே வெள்ளைக்கொடிய அமுக்கு, அரை நிமிசத்துல முடிஞ்சிரும். ஒரே வாரத்துல ஏழாயிரத்து எரநூறு காயின்.”

“வேணாங்க்கா. அது வெளாட்டே இல்ல.”

“ஒன் ஆமைக்குக் கல் ஓடு வேணும்னு அழுதியே, எவ்ளோ அது? ஏழாயிரம். சீசன் முடியிறதுக்குள்ள தனியா சேத்துருவியா நீ?”

சேர்க்க முடியாது. அது காஞ்சனாவுக்கும் தெரியும். அடுத்த சீசனில் நெருப்பு மிருகங்கள் வருகின்றன, கல் ஓடு இல்லாத ஆமை முதல் ஊதலிலேயே கருகிவிடும். அந்த ஓடு இந்த சீசனோடு கடையிலிருந்து போய்விடும். அவள் தலையாட்டினாள்.

கூட்டு நடத்துகிறவருக்கு முதல் முறை என்பது வழக்கம். அது நளினிக்குப் போனது. மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். காஞ்சனாவுக்குக் கடைசி, ஒன்பதாவது வாரம். சீசனுக்கும் அதுதான் கடைசி வாரம்.

முதல் வாரம் மந்தனைக் களத்தில் இறக்கிவிட்டு வெள்ளைக்கொடியை அமுக்கினாள். ஆமை இரண்டு அடி முன்னால் வைத்து, நின்று, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. முப்பது தடவையும் அப்படியே இழுத்துக்கொண்டது. போனைத் துடைத்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தாள். ஆனாலும் ஒரு வாரம்கூட முப்பதில் ஒன்றைக் குறைத்ததில்லை. எட்டு வாரத்தில் இருநூற்று நாற்பது தோல்வி, பட்டியலில் அவள் பெயர் அறுநூறுக்குக் கீழே போய்விட்டது. முன் இருக்கையில் நளினியோ தன் பருந்துக்கு இரும்பு இறக்கை வாங்கியதைப் பல்லை இளித்துக்கொண்டு எல்லாரிடமும் காட்டினாள். எதில் வந்த இறக்கை என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாவது வாரம் திங்கட்கிழமை. காஞ்சனா நளினியை ஆட்டத்துக்கு அழைத்தாள். பருந்து வந்தது, வெள்ளைக்கொடி வரவில்லை. இரும்பு இறக்கை நாலு வீச்சு வீசியது, மந்தன் மல்லாந்தது. கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். அடுத்து பிரேமாவதி, அவளும் அடித்தாள். புதன்கிழமைக்குள் எட்டுப் பேரும் அடித்துவிட்டார்கள்.

கேண்டீனில் நளினி நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தாள்.

“நளினிக்கா, இந்த வாரம் என் முறை.”

“தெரியும்லா. கடைசி வாரமில்ல, இப்பத் தோத்தா எல்லாருக்கும் ரேங்க் எறங்கிரும். அடுத்த சீசன் மொத முறை ஒனக்குத்தான்.”

“அடுத்த சீசன்ல ஓடு இருக்காதுக்கா.”

நளினி விரலை நக்கினாள். “கேம்தானே காஞ்சனா, காசு இல்லியே. டுவிட்டா போச்சு?”

பக்கத்தில் இருந்த பிரேமாவதி சிரித்தாள். அந்தப் பிரேமாவதியையே வாசலில் நின்று கிழித்த வாய்தான் நளினியுடையது. உதட்டில் சம்பல் எண்ணெய் சிவப்பாக வழிய, இப்போது இப்படிப் பேசுகிறது. இருநூறு வெள்ளிக்கு ஒரு நியாயம், இருநூற்று நாற்பது தோல்விக்கு ஒரு நியாயம். காஞ்சனா எதிரே வைத்திருந்த தேநீரைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

ஞாயிறு காலை விளையாட்டின் புகார்ப் பக்கத்தைத் திறந்து எழுதினாள்: “இந்த எட்டுப் பேரும் என்னிடம் தோற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஜெயித்துவிட்டார்கள்.”

படித்தாள். மறுபடியும் படித்தாள். இதில் என்ன குற்றம்? மோதினார்கள், ஜெயித்தார்கள். ஒன்பது வாரத்தில் அந்தக் கூட்டம் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அதுதான். என் தட்டில் ஏன் கெட்ட சில்லைப் போடவில்லை என்றல்லவா தான் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியதும், நளினியின் மேல் வந்ததைவிட அதிக அருவருப்பு அவளுக்குத் தன் மேலேயே வந்தது. எழுதியதை அழித்தாள்.

பக்கத்தின் அடியில் விதி இருந்தது. தெரிந்தே தோற்பவர்களின் கணக்கு மொத்தமாக நீக்கப்படும், மிருகமும் சேர்ந்து போகும்.

அதற்குப் பிறகு அவள் மந்தனைக் களத்தில் இறக்கினாள். எதிரே யாரோ பெர்லிஸ்காரர், கொம்பு வைத்த பன்றி. ஆட்டம் பதினோரு நிமிடம் போனது. மந்தன் அடி வாங்கிக்கொண்டே நின்றது, இரண்டு முறை கடித்தது, கடைசியில் தோற்றது. நிஜமாகவே தோற்றது. ஒரு காயின் வந்தது. ஒன்பது வாரத்தில் கூசாமல் வாங்கிய காயின் அது ஒன்றுதான்.

பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினாள். ஆட்டக்காரர்களின் பெயர் கேட்ட இடத்தில் முதலில் தன் பெயரைப் போட்டு, கீழே எட்டுப் பேரையும் வரிசையாகப் போட்டு அனுப்பினாள்.

புதன்கிழமை காலை பேருந்தில் நளினி கத்திக்கொண்டிருந்தாள். “எல்லாம் போச்சு. பருந்து போச்சு, எறக்கை போச்சு. எவ போட்டுக் குடுத்தா?”

“நான்தாங்க்கா.”

“ஒனக்கென்ன பைத்தியமா? ஒன் ஆமையும்ல போயிருக்கும்?”

“என் பேரத்தான் மொதல்ல போட்டேன்.”

“ரெண்டு வருசமா வளத்தேன்லா அத.”

“கேம்தானேக்கா,” என்றாள் காஞ்சனா. “டுவிட்டா போச்சு?”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூலிம் போய்ச் சேரும்வரை அவளுக்கு அழுகை அடங்கவில்லை.