அண்ணனுக்கு ஆக்சிஜன் வைக்காத நாட்கள்

என் அண்ணன் சிறுவாச்சூர் பக்கம் மக்காச்சோளம் போட்டிருந்தான். நான் அரியலூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு மத்தியானம் அண்ணி போனில் அழுதார்.

"பாப்பா, உங்கண்ணன் களைக்கொல்லிய வாயில ஊத்திக்கிட்டாரு. தெரியாம ஊத்திக்கிட்டாரு."

மிச்ச மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வரப்பில் வைத்தது அவனேதான். வெயிலில் தாகத்தோடு வந்தவன், பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலுக்குப் பதிலாக அதை எடுத்துவிட்டான். ஒரு மடக்கு உள்ளே போன பிறகுதான் நாற்றம் உறைத்திருக்கிறது. மீதியைத் துப்பிவிட்டான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் விஷத்தை உறிஞ்சும் கரித்தூளைக் கரைத்துக் கொடுத்து, திருச்சிக்கு அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்ல பாப்பா, தொண்டைதான் எரியுது." எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டரம்மா முகத்தில் மட்டும் அந்த நிம்மதி இல்லை. ஏன் என்று புரியவில்லை.

மூன்றாம் நாள் நாக்கெல்லாம் புண். ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கட்டிலுக்கு மேலே சுவரிலேயே ஆக்சிஜன் குழாய் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கொரோனா சமயத்தில் என் மாமனாருக்காகச் சிலிண்டர் தேடி ஜெயங்கொண்டம் வரை அலைந்தவள் நான். அது கிடைத்ததால்தான் அவர் பிழைத்தார். நான் டாக்டரிடம் கத்திவிட்டேன்.

"மூச்சுக்குத் தவிக்கிறாரு, ஆக்சிஜன் இருந்தும் வைக்க மாட்டேங்கிறீங்களே!"

அவர் கோபப்படவில்லை. "அந்த மருந்து நுரையீரல்ல போய்த் தங்கிடும்மா. நாம குடுக்குற ஆக்சிஜனப் புடிச்சு வேற மாதிரி ஆக்கிடும். அது செல்லையெல்லாம் அரிச்சிடும். அதிகமாக் குடுத்தா அதிகமா அரிக்கும். ரொம்பக் குறைஞ்சா மட்டும் கொஞ்சமா வைப்போம்."

தலையாட்டினேன். ஒன்றும் விளங்கவில்லை. நான் இழுக்கும் அதே காற்றுதானே? எனக்கு உயிர், அவனுக்கு விஷமா? உள்ளே வந்து யோசிக்காமல் ஜன்னலைச் சாத்தினேன். நர்ஸ் வந்து திறந்துவிட்டு, "வெளிக்காத்து ஒண்ணும் செய்யாதுக்கா" என்றார். அப்படியென்றால் எந்தக் காற்று செய்யும்? கேட்க வெட்கமாக இருந்தது.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாமா?" என்றார். போனால் அங்கே ஆக்சிஜன் வைத்துவிடுவார்கள் என்ற ஆசையும், வைத்துவிடுவார்களே என்ற பயமும் எனக்கு ஒன்றாகவே வந்தன. "இருப்போம் அண்ணி" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நான்கு நாட்கள் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். விரலில் மாட்டிய கருவியில் எண் ஒன்று குறைந்தாலும் அண்ணி நர்ஸைக் கூப்பிட ஓடுவார்.

பிறகு எண் குறைவது நின்றது. உள்ளே போனது ஒரு மடக்குதான் என்பதால் தப்பித்தான் என்றார் டாக்டர். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். இப்போதும் பஸ் படி ஏறினால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் உட்காருகிறான்.

பார்க்க வந்த சித்தப்பா என்னைக் கேட்டார். "ஆக்சிஜன் வைக்காமயா புள்ளையப் பொழைக்க வச்சாங்க? அது எப்புடி?"

டாக்டர் சொன்னதையே சொல்லத் தொடங்கி, பாதியில் குழம்பி நின்றேன். அண்ணன் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தான். அவனுக்கும் அது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

"எனக்கும் சரியாப் புரியல சித்தப்பா" என்றேன்.