களம்பூர்க் கிணற்றில் முங்கிய நாள்

ஆரணிக்கும் கடலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் எங்கள் நான்கு பேருக்கும் முக்குளிக்கிற பைத்தியம் பிடித்தது. நானும் இன்னும் இருவரும் பட்டுத்தறிக்காரர்கள். நாலாவது ஆள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த கிறிஸ்தவ நண்பன். அவனை வாத்தியார் என்றே கூப்பிடுவோம், ஆனால் பேச்செல்லாம் வாடா போடாதான். கிறிஸ்துமஸுக்கு அவன் அக்கா வீட்டுக்காரர் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தை முங்கிப் பார்ப்பது அவர் வேலை. அவர் பையில், கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற ரப்பர் விளிம்பு வைத்த முக்குளிக் கண்ணாடி ஒன்று இருந்தது.

மற்றவர்களுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். எனக்கு அப்படியில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி. களம்பூர்ப் பக்கம் வாத்தியாரின் சித்தப்பா நிலத்தில் இருந்த பெரிய கிணற்றில் வருஷா வருஷம் குதிப்போம். கண்ணாடியைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டால் நீட்டிய கையின் விரல்கூட எனக்கு மங்கல்தான். "அடியில ஆமை கீதுடா, அண்டா மாதிரி!" என்று மூவரும் படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்வார்கள். நான் தலையை ஆட்டிவைப்பேன். அந்தத் தரையை ஒரே ஒருமுறை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

வழி சொன்னவர் மாமாதான். நாங்கள் எல்லோரும் அந்த மெட்ராஸ்காரரை அப்படித்தான் கூப்பிட்டோம். "உன் கண்ணாடியோட காதுக் கம்பிய கழட்டிட்டு, இதுக்குள்ள வச்சி கட்டிடலாம் மச்சான்," என்றார். கட்டுவதற்குப் பட்டு நூலா பஞ்சம்? முடிச்சுப் போடுவதுதானே எங்கள் பிழைப்பு.

பஞ்சம் வெயிலுக்குத்தான். மழை விட்டதும் முங்கிவிட முடியாது. கலங்கல் அடங்கித் தண்ணீர் தெளியச் சில நாள் ஆகும். அதன்பிறகு நல்ல வெயில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தரைவரை வெளிச்சம் இறங்காது. புத்தாண்டு முடிந்ததும் மாமா பஸ் ஏறிவிடுவார், முக்குளிக் கண்ணாடியும் கூடவே போய்விடும். இத்தனையையும் பொருத்திப் பார்த்து நாள் குறிக்க எங்களுக்கு இருந்தது டீக்கடை ரேடியோ ஒன்றுதான். அது தினமும் "ஆங்காங்கே மழை பெய்யக்கூடும்" என்றது. ஆங்காங்கே என்றால் எங்கே? போளூரிலா, வெம்பாக்கத்திலா? அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சாயங்காலம் "வறண்ட வானிலை" என்று ரேடியோ வாய் திறந்தது. நான் ஓர் அவசரக்குடுக்கை. அன்றைக்கே காதுக் கம்பிகளைக் கழற்றினேன். துருப்பிடித்த திருகாணி இரண்டும் உடைந்தன. விடிந்தால் கொட்டோ கொட்டென்று மழை. கண்ணாடியைப் பட்டு நூலால் காதில் கட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், "மழைன்னா எல்லாரும் கொட எடுப்பாங்க. இவன் கண்ணாடிய ஒடச்சிகினு குந்திகினு கீறான்," என்றாள்.

பிறகு மழை விட்டது. வானம் மட்டும் மூடியே கிடந்தது. மாமா கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் பளீரென்று வெயில் அடித்தது. நாங்கள் மறந்துபோன சங்கதி ஒன்று இருந்தது. அந்த வெயிலுக்காக எங்கள் தெருவே காத்துக்கொண்டிருந்தது. மழையால் சுருட்டி வைத்திருந்த பாவுகள் எல்லாம் அன்று வெளியே வந்தன. பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்துக் காயவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை இல்லை. இன்றைக்கு உன் பாவுக்கு நான், நாளைக்கு என் பாவுக்கு நீ. கைகொடுக்காமல் நழுவியவன் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது. மூன்று தறிக்காரர்கள் கூடி நாள் பார்த்தோம், ஒருவன் மண்டையிலும் இது உறைக்கவில்லை.

சைக்கிளோடு வந்த வாத்தியார், "ஜல்தி பண்ணுங்கடா, வெயில் போயிடும்!" என்று கத்தினான். கத்தி என்ன பயன்? கடைசியில் அவனும் மாமாவும்கூட ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். "கப்பல தொட்டாகூட பயமில்ல, இத தொட பேஜாரா கீதே," என்றார் மாமா.

நாங்கள் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கிழக்கே கருமேகம் ஏறிக்கொண்டு வந்தது. மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒருத்தருக்குதான் வெளிச்சம் தாங்கும்," என்றார்.

கிணறு வாத்தியார் வீட்டுடையது. மற்ற இருவரும் என்னைவிட நல்ல நீச்சல்காரர்கள். என் கண்ணாடியை உள்ளே வைத்துக் கட்டியிருந்த முக்குளிக் கண்ணாடியை வாத்தியார்தான் என் கையில் திணித்தான். "நீ போடா. நாங்க அடுத்த வருஷம் பாத்துக்குறோம்."

ஒருவன் பட்டு முடிச்சுகளை இழுத்துச் சரிபார்த்தான். இன்னொருவன் என் இடுப்பில் கயிறு கட்டினான். நன்றி சொல்ல வராமல், "கயித்த ஒழுங்கா புடிங்கடா," என்று எரிந்து விழுந்தேன்.

தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. காது வலித்தது. ஆனால் எல்லாம் தெரிந்தது! கல் இடுக்கில் கெண்டைக் குஞ்சுகள். மேற்கு மூலையில் பாதி புதைந்த பித்தளைச் செம்பு. நடுவில் அண்டா மாதிரி அந்த ஆமை. கிட்டே போய்த் தொட்டால், மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்து இரும்புச் சால், கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் தரையில் கையை ஊன்றினேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

மேலே வந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. "இன்னாடா கீது? சொல்லுடா!" என்று எல்லோரும் மொய்த்தார்கள். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆரணி வரும்வரை நனைந்துகொண்டே சொன்னேன். சொல்லி முடித்தால் மறுபடியும் முதலிலிருந்து கேட்டார்கள். அது ஆமையில்லை, சால் என்பதை மட்டும் ஒருவனும் நம்பவில்லை.

அடுத்த வருஷம் மாமா வரவில்லை, வேறு துறைமுகத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர்கள் மூவரும் அந்தத் தரையைக் கிட்டே போய்ப் பார்க்கவே இல்லை.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் வாத்தியார் தன் மருமகனிடம் அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். தானே முங்கிப் பார்த்தவன் மாதிரி, கெண்டைக் குஞ்சு, செம்பு, எதையும் விடவில்லை. "செம்பு கெழக்கு மூலையில கெடந்துச்சி," என்றான்.

"மேற்கு மூலைடா," என்றேன்.

"நீ சும்மா இருடா. உனக்கு எப்பவும் கண்ணு தெரியாது," என்றான்.

நான் அப்பளத்தை நொறுக்கினேன். இலையில் பாயசம் விழுந்தது.